முன்பதிவு செய்த கைப்பேசி இன்னும் வரவில்லையா? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பரில் புது மாடல் வருகிறது. தீபாவளிக்குள் கையில் இருக்கும் என்ற நினைப்பில் பலர் 500 வெள்ளியோ 1,000 வெள்ளியோ முன்பணம் கட்டிவிடுகிறார்கள். தீபாவளி முறுக்கு டின் காலியான பிறகும் கடையில் அதே பதில்: "ஸ்டோக் பெலும் சம்பாய், பாஸ்" (ஸ்டாக் இன்னும் வரவில்லை). இந்த நிலையில் இருப்பவர்களும், அடுத்த முறை இதில் மாட்ட விரும்பாதவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

முதல் நாளே "தீர்ந்துவிட்டது" என்கிறார்களே, இது உண்மையான தட்டுப்பாடா, விளம்பர நாடகமா?

இரண்டும் உண்டு. ஆனால் நாம் நினைப்பதைவிட உண்மையான தட்டுப்பாடுதான் அதிகம். புது மாடலின் உற்பத்தி தொடங்கும்போது, திரையிலோ கேமராவிலோ புதிதாகச் சேர்த்த ஏதாவது ஒரு பாகம் சோதனையில் அதிகமாகக் கழிக்கப்படும். மற்ற எல்லாப் பாகமும் தயாராக இருந்தாலும், அந்த ஒன்று வரும் வேகத்தில்தான் பெட்டி நிரம்பும். தொழிற்சாலை நின்றாலும் இதே கதைதான். 2022 நவம்பர் 6 அன்று, சீனாவின் ஜெங்ஜோ ஆலையில் கோவிட் கட்டுப்பாடுகளால் ஐபோன் 14 புரோ, புரோ மேக்ஸ் தாமதமாகும் என்று ஆப்பிள் தானே அறிவித்தது. தேவையைக் குறைத்து மதிப்பிட்டுச் சிக்கியவர்களும் உண்டு. 2012 நவம்பர் 13 அன்று விற்பனைக்கு வந்த கூகுளின் நெக்சஸ் 4 சில நாடுகளில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பிரிட்டனில் அந்த நிறுவனத்தின் தலைவர் டிசம்பரில் வெளிப்படையாக மன்னிப்பே கேட்டார். வேண்டுமென்றே சொட்டுச் சொட்டாக விற்றதற்கு 2014-இன் ஒன்பிளஸ் ஒன் சாட்சி: அழைப்பு இருந்தால்தான் வாங்கவே முடியும்.

உங்கள் ஊர்க் கடையில் இல்லாததற்கு இன்னொரு காரணம் சாதாரணக் கணக்கு. 2024-இன் ஐபோன் 16 வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோன் 16-க்கு 5 நிறம், 3 கொள்ளளவு. ஆக 15 வகை. பிளஸ்ஸுக்கும் 15. புரோவுக்கு 4 நிறம், 4 கொள்ளளவு, 16. புரோ மேக்ஸுக்கு 4 நிறம், 3 கொள்ளளவு, 12. மொத்தம் 58 வகைப் பெட்டிகள். ஒரு நடுத்தரக் கடைக்கு முதல் வாரம் 60 செட் வருகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரியாக ஒரு வகைக்கு ஒரு பெட்டி. நீங்களும் உங்களுக்கு முன்னால் நிற்கும் பத்துப் பேரும் கேட்பது ஒரே நிறத்தின் 256 ஜிபி. கடையில் "ஸ்டாக் இருக்கிறது", ஆனால் உங்களுக்கு இல்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

சிப்புகளை அடைத்துச் சோதிக்கும் ஆலைகள் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் 1972 முதல் இயங்குகின்றன. ஆனாலும் பாலம் தாண்டி பட்டர்வொர்த்தில் இருப்பவருக்குப் போன் கிடைப்பதில்லை. எங்கே செய்கிறார்கள் என்பதற்கும் எங்கே அனுப்புகிறார்கள் என்பதற்கும் தொடர்பே இல்லை.

பதிவு திறந்த நிமிடமே பதிந்தேன். தம்பி மறுநாள் ஒரு கடைக்குப் போய்க் கையோடு வாங்கி வந்துவிட்டான். எப்படி?

நீங்கள் இருவரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை. தயாரிப்பாளரின் இணையக் கடை, அவர்களின் நேரடிக் கடை, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எல்லோருக்கும் தனித்தனி ஒதுக்கீடு. ஒன்றில் மிஞ்சினால் மற்றொன்றுக்குப் போகாது. பெரிய விற்பனையாளர்களிடம் கிளைவாரியாகவும் பிரிப்பார்கள். கூட்டம் அலைமோதும் கிளையில் மூன்று வாரம் காத்திருக்கும் அதே பெட்டி, ஆள் குறைவான புறநகர்க் கிளையில் அலமாரியில் தூங்கும்.

அதனால் ஒரே இடத்தில் பதிந்துவிட்டு வேண்டிக்கொண்டிருப்பதைவிட, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய இரண்டு இடங்களில் பதிவது நல்லது. முதலில் வருவதை எடுத்துக்கொண்டு மற்றதை அன்றே ரத்து செய்யுங்கள். திரும்பத் தரப்படாத முன்பணம் கேட்கும் இடத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் ஏற்றுமதியில் கறுப்பும் வெள்ளையும் அதிகம் வருவது வழக்கம். விளம்பரத்தில் காட்டும் புது நிறம்தான் முதலில் காலியாகும். எப்படியும் உறை போட்டு மூடப்போகிற போனுக்கு நிறத்துக்காக ஒரு மாதம் காத்திருப்பது உங்கள் விருப்பம்.

பதிவு இரவு 8 மணிக்குத் திறக்கும் என்கிறார்கள். கட்டணம் கட்டும் இடத்தில் ஏன் தடுக்கி விழுகிறது?

ஆப்பிள் பதிவு அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 5 மணிக்குத் திறக்கும். செப்டம்பரில் அது நமக்கு இரவு 8. முன்பெல்லாம் மலேசியா இரண்டாம் சுற்றில்தான் இருந்தது. ஐபோன் 15-க்கு நம் பதிவு 2023 செப்டம்பர் 22, விற்பனை 29. முதல் சுற்று நாடுகளுக்கு ஒரு வாரம் பின்னால். ஐபோன் 16-க்கு 2024 செப்டம்பர் 13-இல் பதிவு, 20-இல் விற்பனை என்று முதல் சுற்றிலேயே வந்துவிட்டோம்.

தடுக்குவது பெரும்பாலும் இணைய வேகத்தால் அல்ல, வங்கியால். அட்டையின் இணையச் செலவு வரம்பு 3,000 வெள்ளியாக இருக்கும். போனின் விலை 5,000-ஐத் தாண்டும். பிறகு வங்கிச் செயலியில் ஒப்புதல் கேட்கும். அந்தச் செயலியில் நீங்கள் வெளியேறியிருப்பீர்கள், கடவுச்சொல் நினைவுக்கு வராது. ஆகவே முதல் நாளே வங்கிச் செயலியில் வரம்பை உயர்த்துங்கள், நுழைந்து ஒருமுறை பாருங்கள், முகவரியையும் அட்டையையும் கடையின் செயலியில் சேமித்துவைங்கள். வாங்கி முடித்ததும் வரம்பைப் பழையபடி இறக்கிவிட மறக்காதீர்கள்.

இன்னொன்று. பல கடைகள் பதியும்போது பணத்தை எடுப்பதில்லை, அனுப்பும்போதுதான் எடுக்கும். அதற்குள் அட்டை காலாவதியானாலோ வரம்பு போதாமல் போனாலோ, வரிசையில் உங்கள் இடம் போய்விடும். நான்கு வாரத் தாமதம் என்று காட்டினால், அந்த நான்கு வாரமும் அட்டையில் இடம் இருக்க வேண்டும்.

"செயலாக்கத்தில் உள்ளது" என்றே பத்து நாளாகக் காட்டுகிறது. ரத்து செய்யலாமா?

அந்த நிலையில் உங்களுக்கென்று எந்தப் பெட்டியும் ஒதுக்கப்படவில்லை என்று பொருள். ரத்து செய்யவும் முகவரி மாற்றவும் அதுதான் வசதியான நேரம். "அனுப்பத் தயாராகிறது" என்று மாறிவிட்டால் கிடங்கில் ஒரு பெட்டி உங்கள் பெயரில் கட்டப்பட்டுவிட்டது. பிறகு மாற்றம் கடினம். நிறத்தை மாற்ற நினைத்தால், பழைய பதிவை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள். முதலில் புதியதைப் போட்டு அது காட்டும் தேதியைப் பாருங்கள். பழையதைவிடப் பிந்தியிருந்தால் புதியதை ரத்து செய்துவிடலாம்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: நாட்டின் முதல் ஆப்பிள் நேரடிக் கடை 2024 ஜூன் 22 அன்று கோலாலம்பூர் டிஆர்எக்ஸ் வணிக வளாகத்தில் திறக்கப்பட்டது. "கடையில் வந்து பெற்றுக்கொள்" என்று வரும் காலியிடத்தைப் பார்த்து அவசரத்தில் அழுத்திவிட்டால், சுமார் 350 கிலோமீட்டர் பயணமும் சேர்ந்தே வாங்கியதாகிவிடும்.

கடையில் முன்பணம் கேட்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

ரசீதை. "டெபாசிட் 500, புரோ மேக்ஸ்" என்று கிறுக்கித் தரும் துண்டுச் சீட்டு, நாளை சண்டை வந்தால் உங்களுக்கு உதவாது. நல்ல ரசீதில் இவ்வளவும் இருக்கும்: கடையின் பதிவுப் பெயரும் பதிவு எண்ணும், மாடல், கொள்ளளவு, நிறம், முழு விலை, கட்டிய தொகை, மலேசிய செட்டா இறக்குமதி செட்டா, தரப்போகும் தேதி, அந்தத் தேதி தவறினால் முன்பணம் முழுதாகத் திரும்பும் என்ற ஒரு வரி. கடைசி இரண்டையும் கடைக்காரர் எழுதத் தயங்குவார். "சப்ளையர் கையில் இருக்கிறது" என்பார். அப்படியானால் தேதிக்குப் பதிலாக, "இத்தனையாம் தேதிக்குள் வராவிட்டால் வாடிக்கையாளர் கேட்டதும் 500 வெள்ளி திருப்பித் தரப்படும்" என்றாவது எழுதச் சொல்லுங்கள். இதற்கும் மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். லோயாட்டிலும் கொம்தார் வட்டாரத்திலும் அடுத்த கடை பத்து அடியில் இருக்கிறது.

கட்டும் முறையும் முக்கியம். கடன் அட்டையில் கட்டினால், பொருள் வராதபோது அட்டை கொடுத்த வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோரலாம். இதற்குக் கெடு உண்டு. பொதுவாகப் பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள் கணக்கு. அதனாலும்தான் ரசீதில் தேதி தேவை. டுயிட்நவ் (உடனடி வங்கிப் பரிமாற்றம்) வழி அனுப்பியதை வங்கி தன்னிச்சையாகத் திரும்ப இழுக்காது. அதிலும் கடைப் பெயரில் இல்லாத, ஊழியரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

"மிங்கு டெபான்" (அடுத்த வாரம்) என்று நான்கு வாரமாகச் சொல்கிறார்கள். சட்டப்படி எனக்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இதற்கென்றே எழுதியது போலிருக்கும். சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் நியாயமான காலத்துக்குள், பொருளைத் தர முடியும் என்று நம்புவதற்குத் தக்க காரணம் இல்லாமல் பணம் வாங்கக்கூடாது. 13-ஆம் பிரிவு தூண்டில் விளம்பரத்தைத் தடுக்கிறது: நியாயமான அளவு கையிருப்பு இல்லாமல் குறைந்த விலையைப் போட்டு ஆளை இழுப்பது. இணையத்தில் விற்பவர்கள் தங்கள் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை, உத்தேச விநியோகக் காலம் ஆகியவற்றைக் காட்டியே ஆக வேண்டும்.

ஆனால் சட்டப் பிரிவை முதல் நாளே கவுண்டரில் வீசாதீர்கள். முதலில் எழுத்தில் ஒரு கெடு கொடுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி கிடையாது, வாட்சாப் போதும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். ரசீது எண் இன்னது, செப்டம்பர் 20 அன்று 500 வெள்ளி முன்பணம் கட்டினேன். அக்டோபர் 10-க்குள் தருவதாகச் சொன்னீர்கள். இன்று அக்டோபர் 24. அக்டோபர் 31-க்குள் செட் தராவிட்டால் பதிவை ரத்து செய்கிறேன். 500 வெள்ளியை என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்தவும்."

கடையில் மலாய்தான் வசதி என்றால் இதையே மலாயில் அனுப்புங்கள். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். இந்தச் செய்தியைப் பின்னால் வேறொருவர் படிக்க வேண்டியிருக்கும்.

கெடுவும் கடந்துவிட்டது. அடுத்து?

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். இலவசத் தொலைபேசி எண் 1-800-886-800. புகார் கடைக்கு அழுத்தம் தரும். பணம் திரும்பி வருவதற்கான வழி மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கோரிக்கை 50,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும், கட்டணம் 5 வெள்ளி, பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். படிவம் 1-ஐ நிரப்பி ரசீது, வாட்சாப் திரைப்பிடிப்பு, விளம்பரத்தின் படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும், இணையத்திலேயே பதியலாம். எதிர்த்தரப்புக்குத் தற்காப்பு கொடுக்க 14 நாள். வழக்கறிஞர் இருதரப்புக்கும் கிடையாது, நீங்களே பேசலாம். முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல முயல வேண்டும் என்பது விதி. தீர்ப்பை மீறுவது குற்றம்.

இங்கே பலர் தோற்பது ஒரே இடத்தில். படிவத்தில் கடையின் பலகைப் பெயரை எழுதிவிடுகிறார்கள். பலகையில் ஒன்று இருக்கும், பதிவுப் பெயர் வேறாக இருக்கும், அறிவிப்பு போய்ச் சேராமல் நாள் தள்ளிப்போகும். ரசீதில் இருக்கும் பதிவுப் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். போனை உங்கள் நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருந்தால் இந்த மன்றம் உதவாது. அது சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குவோருக்கானது.

எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்கலாம். தமிழிலேயே பேசலாம்.

இணையச் சந்தையில் பதிந்தேன். விற்பனையாளர் "நீங்களே ரத்து செய்துவிடுங்கள்" என்று கெஞ்சுகிறார். செய்யலாமா?

அவர் ரத்து செய்தால் அவருடைய கணக்கில் அபராதப் புள்ளி ஏறும், அதனால்தான் கெஞ்சுகிறார். போன் வேண்டாம் என்றால் ரத்து செய்யுங்கள், காரணம் கேட்கும் இடத்தில் "விற்பனையாளரிடம் பொருள் இல்லை" என்பதையே தேர்ந்தெடுங்கள். "மனம் மாறிவிட்டது" என்று போட்டுக் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இன்னொரு வேலையும் நடக்கும். கெடு முடியும் நாளில் கூரியர் எண் மட்டும் உருவாகும், பார்சல் நகராது. "கூரியர் இன்னும் பார்சலைப் பெறவில்லை" என்று நாட்கணக்கில் காட்டினால், பெட்டி அவரிடமே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். போன் கையில் வந்து இயக்கிப் பார்க்கும்வரை "பெற்றுக்கொண்டேன்" பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் பணம் விற்பனையாளருக்குப் போய்விடும். தளத்துக்கு வெளியே, வாட்சாப்பில் பணம் அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மலேசிய செட் வர ஒரு மாதம், ஏபி செட் இன்றே தருகிறேன் என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

ஏபி செட் என்பது அதிகாரப்பூர்வ விநியோகம் வழி வராத இறக்குமதி. வெளியீட்டு வாரத்தில் இதன் விலை மலேசிய செட்டைவிட ஏறும். மூன்று மாதம் கழித்து இறங்கும். ஆக, தட்டுப்பாட்டு நேரத்தில் ஏபி செட் வாங்குவது அதிக விலைக்குக் குறைந்த உத்தரவாதம் வாங்குவது. எங்கள் கருத்து, பழைய போன் உடைந்து அவசரம் என்றாலொழிய வேண்டாம்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் எந்த நாட்டு செட் என்று கேளுங்கள். அமெரிக்க ஐபோனில் 14 முதல் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும். சீன, ஹாங்காங் ஐபோன்களில் இரண்டு நானோ சிம் போடும் மாடல்கள் உண்டு. ஜப்பான், கொரியா செட் சிலவற்றில் கேமராவின் "கிளிக்" சத்தத்தை அணைக்க முடியாமல் போகலாம். கோயிலில் படம் எடுக்கும்போதுதான் இது தெரியவரும். சீனாவுக்கான ஆண்ட்ராய்டு செட்டில் மென்பொருளை மாற்றி விற்பார்கள். பிறகு வங்கிச் செயலி திறக்க மறுக்கலாம், மென்பொருள் புதுப்பிப்பு வராமல் போகலாம். மலேசிய செட்டின் பெட்டியில் எம்சிஎம்சி (தொடர்புத்துறை ஆணையம்), சிரிம் (தரச்சான்று நிறுவனம்) சான்று முத்திரை இருக்கும். "ஒரு வருட வாரண்டி" என்றால் யாருடைய வாரண்டி என்று கேளுங்கள். ஏபி செட்டுக்கு அது கடையின் வாரண்டி, கடை மூடினால் அதுவும் மூடும்.

சிங்கப்பூரில் கிடைக்கிறதாம். போய் வாங்கி வந்தால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமாமே?

விமானத்தில் திரும்பினால். சுற்றுப்பயணிகளுக்கான வரி மீட்பு சாங்கி, செலேத்தார் விமான நிலையங்கள் வழி வெளியேறுவோருக்குத்தான். ஜொகூர் பாலம் வழி பேருந்தில் கோலாலம்பூர் திரும்பினால் 9 விழுக்காட்டில் ஒரு காசு வராது. பினாங்கிலிருந்து பறந்து போய்ப் பறந்து வருபவருக்குக் கிடைக்கும், சேவைக் கட்டணம் கழித்து. விமானச் சீட்டின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உறை, கண்ணாடி, சார்ஜர் சேர்த்து வாங்கினால்தான் போன் தருவேன் என்கிறார்கள்.

போனின் தனி விலையை எழுதிக் கேளுங்கள். விளம்பரத்தில் ஒரு விலை போட்டுவிட்டு, கடையில் 400 வெள்ளி துணைப் பொருளோடுதான் அந்த விலை என்றால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பேசும் தவறான விலைக் குறிப்பாக அது ஆகலாம். விளம்பரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துவைங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்து இயக்கச் சொல்வது வேறு விஷயம். வாங்கி மறுவிற்பனை செய்பவர்களைத் தடுக்கச் சில கடைகள் அப்படிச் செய்கின்றன. உங்களுக்கு அதில் நட்டமில்லை.

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஒப்பந்தத் திட்டத்தில் பதிந்தால் சீக்கிரம் வருமா?

சில சமயம் வரும். கையெழுத்துக்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: 24 மாதமோ 36 மாதமோ, ஒப்பந்தம் போன் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறதா, பதிந்த நாளிலிருந்தா?

பழைய போனை மாற்றிக் கழிவு பெறும் திட்டத்தில் சேர்ந்தேன். தாமதத்தால் அந்த விலை போய்விடுமா?

போகலாம். மதிப்பீட்டுக்குக் கெடு உண்டு. தாமதம் அவர்களுடையது என்றால் பழைய விலையையே தரும்படி கெடு முடியுமுன் எழுதிக் கேளுங்கள். முடிந்தபிறகு கேட்டால் கணினி அனுமதிக்கவில்லை என்பார்கள்.

முகநூலில் பாதி விலை, கையிருப்பு உண்டு என்கிறார்கள்.

உலகமே காத்திருக்கும் போன் ஒருவரிடம் மட்டும் பாதி விலைக்கு இருக்காது. கணக்கு எண்ணை, மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே பெயர் இல்லை என்பதால் நல்லவர் என்று ஆகிவிடாது. பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால், அவருக்குச் செய்தி அனுப்பிக் காத்திராமல் உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997-ஐ அழையுங்கள், அல்லது உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவை. நிமிடங்கள்தான் கணக்கு; பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டால் பிடிப்பது கடினம்.

ஒருவழியாகப் பெட்டி வந்தது. பிரிக்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

கேமராவை ஓடவிட்டுப் பிரியுங்கள், நடுவில் நிறுத்தாமல். முதலில் கூரியர் சீட்டு, பிறகு பெட்டியின் நான்கு பக்கம், பிறகு முத்திரை. ஐபோன் 13 முதல் பிளாஸ்டிக் உறை கிடையாது, பின்புறம் இழுத்துக் கிழிக்கும் காகிதப் பட்டை மட்டும். "புதியது" என்று பிளாஸ்டிக் சுற்றி வந்தால் சந்தேகப்படுங்கள். போனை இயக்கி *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்), பெட்டியில் உள்ளதோடும் ரசீதில் உள்ளதோடும் ஒத்திருக்க வேண்டும். வரிசை எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு உத்தரவாதம் தொடங்கிய தேதியைப் பாருங்கள். அது மூன்று வாரம் முந்தைய தேதி என்றால், உங்கள் பெட்டியை வேறொருவர் ஏற்கெனவே இயக்கியிருக்கிறார்.

புதியது வந்த அன்றே பழையதை விற்றுவிடலாமா?

இரண்டு நாள் பொறுங்கள். 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த மோசடித் தடுப்பு நடவடிக்கைகளின்படி, ஒருவருக்கு ஒரு சாதனத்தில்தான் வங்கி ஒப்புதல். புதிய சாதனத்தைப் பதிந்தால் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. அந்த நேரத்தில் பணம் அனுப்ப முடியாது. பழையதை விற்றுவிட்டு, புதியதில் வங்கி திறக்காமல், பெட்ரோல் நிலையத்தில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் எல்லா வங்கிச் செயலிகளையும் புதியதில் பதியுங்கள், காத்திருப்பு முடிந்து ஒரு வெள்ளி அனுப்பிப் பாருங்கள், வாட்சாப் உரையாடல்களை மாற்றுங்கள், இ-சிம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். அதன் பிறகு பழையதில் கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்து, விற்கலாம். வெளியேறாமல் அழித்துவிட்டால் போன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும், வாங்கியவர் இரவு பதினொரு மணிக்கு உங்களைத்தான் அழைப்பார்.